ஜானகி அம்மையாரும் நமது காட்டுச் செடிகளும்

புலியைக் கொன்றால் குற்றம்; யானையைக் கொன்றால் குற்றம்; மயிலைப் பிடித்தால் குற்றம். இவற்றை நமது நேயர்கள் நன்கு அறிவார்கள். ஒரு செடியைப் பிடுங்கினால் குற்றம் என்று சொன்னால் அவர்களுட் பலர் நகைக்கவுங் கூடும். ஆயினும் அத்தகைய சட்டம் நமது நாட்டில் உண்டு. 1972-ம் வருஷத்தில் இந்தியப் பார்லிமெண்டு வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. சட்டம் பிறந்தபொழுது அதன் அட்டவணைகளில் விலங்கினங்களே இடம்பெற்றன. இன்ன செடியைத் தொடலாகாது என்று பெயர் குறித்துக் காக்கும் ஏற்பாடு அதில் இல்லை. பத்தொன்பது வருஷங்கள் சென்றபின், 1991-ல் செய்யப்பட்ட திருத்தத்தால், செடிகளுக்கெனத் தனி அத்தியாயமும் ஆறாவது அட்டவணையும் சேர்ந்தன.

அவ்வட்டவணையிற் கண்ட பெயர்கள் ஆறே ஆறு. திருப்பதி, கடப்பை மலைப் பகுதியிலன்றி வேறெங்கும் தானே முளைத்து வளராத பெட்டோம் சைகஸ் ஒன்று. ஷில்லாங் நகரைச் சூழ்ந்த காஸி மலைகளிலும் அவற்றை அடுத்த மலைகளிலும் பூச்சிகளைப் பிடித்துண்டு வாழும் குடுவைச் செடி ஒன்று. நீல வாண்டா, சிவப்பு வாண்டா என்னும் இரண்டு ஆர்க்கிடுகள். மிதியடி போன்ற பூவையுடைய மற்றோர் ஆர்க்கிட் குலம். நாட்டு மருந்துக் கடைகளிற் கோஷ்டம் என்று நிறுத்து விற்கப்படும் வேரையுடைய இமயமலைச் செடி ஒன்று. இவற்றைக் காட்டிலிருந்து பறித்தலும், வேரோடு பிடுங்குதலும், அனுமதியின்றி வைத்திருத்தலும், விற்றலும் அன்று முதல் தண்டனைக்குரியன ஆயின. 2022-ல் சட்டம் மீண்டும் திருத்தப்பட்டபொழுது செடிகளின் பட்டியல் மூன்றாம் அட்டவணையாகி விரிவடைந்தது. பல்லாயிரம் வகைத் தாவரங்களை உடைய ஒரு தேசம், இச்சட்டத்தளவில், ஆறு பெயர்களோடு முப்பது வருஷம் திருப்தியடைந்திருந்தது என்பதை எழுத நமக்கு நாணமாகத்தான் இருக்கிறது.

இச்சட்டத்தை இயற்றியோருள் டாக்டர் ஜானகி அம்மாள் ஒருவர் அல்லர். செடிகளுக்குரிய அத்தியாயம் எழுதப்படுவதற்கு ஏழு வருஷம் முன்னரே அவர் காலஞ்சென்றார். எனினும், காட்டில் யாருடைய கவனிப்புமின்றி வளரும் ஒரு செடி தேசத்தின் முதலாகும் என்பதை, கவிஞரைப்போல் அழகைக் காட்டியன்று, கணக்கைக் காட்டி மெய்ப்பித்தவர் அவர். கரும்பை ஆராய்ந்த அம்மையார் என்ற அளவில் அவரை அறிந்தோர் பலர். கரும்பு ஆராய்ச்சியே அவரை முதுமையில் ஒரு காட்டின் பொருட்டுப் போராடச் செய்தது என்பதை அறிந்தோர் சிலரே. அரசியலில் உழைக்கும் நமது நண்பர்களுக்கு அவ்வரலாற்றைச் சொல்ல விரும்புகிறோம். அணை வேண்டுமா, காடு வேண்டுமா என்ற கேள்வி இவர்கள் முன்தான் அடிக்கடி வந்து நிற்கிறது.

ஜானகி அம்மையார் 1897-ம் வருஷம் நவம்பர் மாதம் 4-ந் தேதி தலைச்சேரியிற் பிறந்தார். அன்று அவ்வூர் சென்னை ராஜதானியைச் சேர்ந்த மலையாள ஜில்லாவில் இருந்தது. தந்தையார் ஈ. கே. கிருஷ்ணன், சப் ஜட்ஜ் உத்தியோகம் பார்த்தவர். திவான் பகதூர் பட்டம் பெற்றவர். அவர்கள் குலம் தீயர் குலம். அந்நாளில் மலையாளத்தில் அக்குலத்தார்க்குக் கோயிற் கதவு மட்டுமன்று, பல தெருக்களும் அடைபட்டிருந்தன. ஆனால் நீதிபதியின் வீட்டில் புத்தகங்களுக்கும் தோட்டத்திற்கும் குறைவில்லை. கிருஷ்ணன் அவர்கள் இயற்கை நூல்களில் மிக்க ஈடுபாடு கொண்டவர். பறவைகளைப் பற்றி எழுதியவர். வீட்டில் மக்கள் பலர். உடன்பிறந்த பெண்கள் வழக்கம்போல் மணம் முடித்துச் சென்றனர். ஜானகி அம்மையார் இறுதிவரை மணம் செய்துகொள்ளவில்லை, படிப்பையே மேற்கொண்டார்.

சென்னையில் இராணி மேரி கல்லூரியிற் படித்துப் பட்டம் பெற்றார். பின்னர் இராஜதானிக் கல்லூரியில் 1921-ல் தாவர சாஸ்திரத்தில் ஆனர்ஸ் தேறினார். மகளிர் கிறிஸ்தவக் கல்லூரியில் ஆசிரியையாக அமர்ந்தார். கீழ்நாட்டுப் பெண்டிர்க்கென அமெரிக்காவில் மிச்சிகன் சர்வகலாசாலையில் ஏற்பட்டிருந்த பார்பர் உபகாரச் சம்பளம் 1924-ல் அவருக்குக் கிடைத்தது. அங்கே எம். எஸ். பட்டம் பெற்றுத் திரும்பி மீண்டும் சென்னையிற் சிறிது காலம் கற்பித்து, மறுபடியும் கடல் கடந்து, 1931-ல் டி. எஸ்ஸி. பட்டம் பெற்றார். இந்தியப் பெண்மணிகளுள் தாவர சாஸ்திரத்தில் இத்தகைய பட்டம் பெற்ற முதல்வர் என்று அவர் போற்றப்படுகிறார். திருவனந்தபுரத்தில் மகாராஜா கல்லூரியில் இரண்டு வருஷம் பேராசிரியராக இருந்தபின், 1934-ல் கோயம்புத்தூர்க் கரும்பு ஆராய்ச்சி நிலையத்திற்கு வந்தார். இங்கே நாம் சிறிது நின்று பார்த்தல் அவசியம்.

கோயம்புத்தூர் நிலையம் 1912-ல் ஏற்பட்டது. அக்காலத்தில் வட இந்தியாவில் விளைந்த கரும்பு மெலிந்த கரும்பு, சாறு குறைவு. தென்னாட்டிலும் சாவகத் தீவிலும் விளைந்த பருத்த கரும்போ வடநாட்டுக் குளிரையும் வறட்சியையும் தாங்காது. கோயம்புத்தூரில் பார்பர் என்ற ஆங்கிலேயரும் அவருடன் உழைத்த டி. எஸ். வேங்கடராமன் அவர்களும் ஒரு புதிய வழி கண்டனர். ஆற்றங்கரையிலும் வாய்க்கால் வரப்பிலும் களையாக மண்டிக் கிடக்கும் பேய்க்கரும்பை, அதாவது நாணலை, நல்ல கரும்போடு சேர்த்தனர். உழவன் வெட்டியெறியும் புல் அது. கூரை வேய்வதற்கன்றி வேறெதற்கும் உதவாதது. வெள்ளைக் கரும்பு என்ற நாட்டுக் கரும்போடு அது சேர்ந்து பிறந்ததுதான் கோ 205 என்ற கரும்பு. 1918-ல் அது பஞ்சாபிற் பரவியது. அதன் வழியே வந்த கோயம்புத்தூர்க் கரும்புகள் வடநாட்டு வயல்களை நிரப்பின. 1932-ல் சர்க்கரைக்குக் காப்புவரி ஏற்பட்டபொழுது சுதேசி ஆலைகள் காளான்போல் எழுந்தன என்றால், அவற்றுக்கு அரைக்கக் கரும்பு இருந்தது. அந்நியச் சர்க்கரையை நாட்டிலிருந்து அகற்றியதில் தலைவர்களுக்கும் வியாபாரிகளுக்கும் உள்ள பங்கை யாவரும் பேசுகின்றனர். நாணலின் பங்கை யாரும் பேசுவதில்லை.

ஜானகி அம்மையார் அந்நாணலைத்தான் ஆராய்ந்தார். உயிர்ப் பொருள் ஒவ்வொன்றும் நுண்ணிய அணுக்களால் ஆயது. ஒவ்வோர் அணுவின் கருவிலும் நூற்கண்டைத் துணித்தாற்போன்ற சிறு துண்டுகள் உள்ளன. அவற்றைச் சாஸ்திரிகள் குரோமோசோம் என்பர். தாய் தந்தையரின் குணங்கள் பிள்ளைகளுக்கு வருவது அவற்றின் வாயிலாகவே. ஓர் இனத்திற்கு இத்தனை என்று பெரும்பாலும் தொகை உண்டு. இனிக்கும் பருத்த கரும்பிற்கு அத்தொகை 80. நாணலின் சங்கதி வேறு. கோயம்புத்தூர்ப் பக்கத்து நாணலில் 64. வேறோர் இடத்து நாணலில் வேறொரு தொகை. இந்தியாவிலும் அயல் நாடுகளிலும் உள்ளவற்றை ஒருங்கே நோக்கின் அத்தொகை 40 முதல் 128 வரை வேறுபடுகிறது. கண்ணுக்கு எல்லாம் ஒரே புல், வெண்ணிறப் பூங்கதிர், ஓரம் அறுக்கும் இலை. அணுவின் உள்ளே நோக்கினால், ஓரூர் நாணல் மற்றோரூர் நாணல் அன்று.

இவ்வுண்மையை நேயர்கள் நன்றாக மனத்திற்கொள்ளுமாறு வேண்டுகிறோம். காடழிப்போர் எக்காலத்தும் கூறும் சமாதானம் ஒன்று உண்டு. இங்கே அழிந்தால் என்ன, இச்செடி அடுத்த மலையில் இருக்கிறதே என்பர். அடுத்த மலையில் இருப்பது அதே பெயருடைய வேறு செடியாயிருக்கலாம். வறட்சியைத் தாங்கும் குணமோ நோயை வெல்லும் குணமோ ஒரு பள்ளத்தாக்கிலுள்ள செடியிடம் மட்டும் இருத்தல் கூடும். அப்பள்ளத்தாக்கு போனால் அக்குணமும் போயிற்று. சாறற்ற நாணலை ஒரு நூற்றாண்டு முன்னே யாரேனும் முற்றும் களைந்தொழித்திருந்தால், கோ 205 பிறந்திராது.

கோயம்புத்தூரில் அம்மையார் கரும்போடு மக்காச்சோளம், மூங்கில், வேறு பல புல்லினங்கள் ஆகியவற்றைச் சேர்த்துப் பெற்ற கலப்பினங்களையும் ஆராய்ந்தார். 1935-ல் இந்திய விஞ்ஞானக் கழகம் அவரைத் தன் அங்கத்தினராக ஏற்றுக்கொண்டது. அக்கழகத்தைச் சர் சி. வி. இராமன் நிறுவி ஓராண்டே ஆகியிருந்தது. புறத்தே கௌரவம் கிடைத்ததேயன்றி வேலை செய்யும் இடத்தில் அமைதி இல்லை. ஆடவர் நிறைந்த சாலையில் மணமாகாத பெண்ணாகவும், உயர்குலம் என்று தம்மைக் கருதுவோர் நடுவே தீயர் குலத்துப் பெண்ணாகவும் இருந்து அவர் பட்ட இடர்கள் பல. அவற்றை விரித்துரைக்க நாம் விரும்பவில்லை. சுதந்தரம் கேட்ட ஒரு சமூகம் தன் வீட்டினுள்ளே எவ்வாறு நடந்துகொண்டது என்பதற்கு அதுவும் ஒரு சான்று என்பதோடு நிறுத்துகிறோம்.

1939-ம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் எடின்பரோ நகரில் நடந்த சர்வதேசப் பரம்பரையியல் மகாநாட்டிற்குச் சென்றார். மகாநாடு முடியுமுன்னரே யுத்த மேகம் சூழ்ந்தது. திரும்ப வழியின்றி இங்கிலாந்திலேயே தங்கினார். லண்டனை அடுத்த மெர்ட்டனில் ஜான் இன்னஸ் தோட்ட ஆராய்ச்சி நிலையத்தில் 1940 முதல் 1945 வரை வேலை செய்தார். ஜெர்மானியர் குண்டு வீசிய காலம் அது. இரவில் கட்டிலின் அடியிற் பதுங்கி, காலையில் உடைந்த கண்ணாடியைப் பெருக்கிவிட்டு, மீண்டும் நுண்ணோக்காடியின் முன் அமர்வார் என்று அவருடைய நண்பர்கள் சொல்வது வழக்கம். டார்லிங்டன் என்ற பேரறிஞருடன் சேர்ந்து அவர் இயற்றிய நூல் 1945-ல் வெளிவந்தது. உலகிற் பயிரிடப்படும் ஆயிரக்கணக்கான தாவரங்களின் குரோமோசோம் தொகைகளையும், அவை பிறந்த இடங்களையும் தொகுத்துரைக்கும் நூல் அது. பின்னர் விஸ்லியில் உள்ள ராயல் தோட்டக்கலைச் சங்கத்தில் ஆறு வருஷம் பணியாற்றினார். அங்கே மாக்னோலியா என்னும் பூமரங்களின் விதை முளைகளைக் கால்ச்சிசின் என்ற மருந்திற்கு உட்படுத்தி, அவற்றின் குரோமோசோம் தொகையைப் பெருக்கி நட்டார். ஒரு மாக்னோலியா வகைக்கு அவருடைய பெயரையே இட்டிருக்கின்றனர். இந்த மாக்னோலியாவை நேயர்கள் மறவாதிருக்க வேண்டுகிறோம். அது மீண்டும் வரும்.

1951-ல் பண்டித ஜவஹர்லால் நேரு அவரைத் தாய்நாட்டிற்கு அழைத்தார். இந்தியத் தாவர ஆய்வு இலாகாவைச் சீர்திருத்தும் பணியை அவரிடம் ஒப்பித்தார். அவ்விலாகாவை ஆங்கிலேயர் 1890-ல் ஏற்படுத்தினர். நாட்டுச் செடிகளுக்குப் பெயரிட்டதும், வருணித்ததும், உலர்த்தி வைத்ததும் அவர்கள் காலத்தில் மிகுதியாக நடந்தன. அதை மறுத்தல் நன்றியன்று. ஆனால் அச்செல்வம் எங்கே போய்ச் சேர்ந்தது? ஒரு செடிக்கு முதன்முதற் பெயரிடும்பொழுது சான்றாக வைக்கும் உலர்ந்த மாதிரி, நமது செடிகள் பலவற்றைப் பொறுத்தவரை, லண்டனை அடுத்த கியூ தோட்டத்திலும் பிற ஐரோப்பிய நிலையங்களிலும் இருக்கிறது. திருநெல்வேலி மலையிற் பூத்த பூ இன்னதென ஐயமறத் தெரிய ஒரு தமிழன் சீமைக்குக் கப்பலேற வேண்டியிருந்தது.

உலர்ந்த மாதிரி போனதைக் காட்டிலும் உயிருள்ள செடி போனது பெரிது. அட்டவணையில் நாம் முன்னர்க் குறித்த நீல வாண்டாவின் கதையை ஈண்டுச் சொல்லலாம். 1850-ல் ஜோசப் ஹூக்கர் என்ற ஆங்கிலத் தாவர சாஸ்திரி காஸி மலைகளுக்குச் சென்றார். நீல நிறத்தில் ஆர்க்கிட் பூத்துக் குலுங்குவதைக் கண்டு வியந்தார். ஏழு ஆள் சுமை செடிகளைப் பறித்துக் கியூவுக்கு அனுப்பினார். அவற்றுட் சிலவே உயிரோடு போய்ச் சேர்ந்தன. இடத்தை அறிந்துவரத் தம் தோட்டக்காரனை அவருடன் அனுப்பிய மற்றொரு கனவான் ஓர் ஆள் சுமையை இங்கிலாந்திற்கு அனுப்பினார். அது வாடிப்போய்ச் சேர்ந்தும் 300 பவுனுக்கு விலைபோயிற்று. இதனை ஹூக்கரே தம் பிரயாண நூலில் எழுதி வைத்திருக்கிறார். ஒரு சுமை 300 பவுன் என்ற செய்தி பரவியபின் அம்மலைகள் என்ன கதியடைந்திருக்கும் என்பதை நேயர்கள் ஊகித்துக்கொள்ளலாம். 141 வருஷம் கழித்து அச்செடிக்குச் சட்டம் பிறந்தது.

இக்குறையைப் போக்குவதே அம்மையாரின் நோக்கம். இந்தியச் செடிகளை இந்தியர், இந்திய மண்ணிலேயே, உயிருள்ள நிலையில் ஆராயவேண்டும். உலர்த்தி ஒட்டிய காகிதத்தோடு சாஸ்திரம் நின்றுவிடலாகாது என்பது அவர் கொள்கை. 1954-ல் இலாகா புதுப்பிக்கப்பட்டது. 1955-லும் 1956-லும் கோயம்புத்தூர், புனா, டேராடூன், ஷில்லாங் ஆகிய ஊர்களில் அதன் கிளைகள் எழுந்தன. அலகாபாத்தில் ஏற்பட்ட மத்திய தாவர ஆராய்ச்சிச் சாலைக்கு அம்மையார் தலைவரானார். அவர் எண்ணியபடியெல்லாம் நடந்தது என்று சொல்வதற்கில்லை. சர்க்கார் இலாகாக்களின் போக்கை அறிந்தோர்க்கு அதை விளக்கவும் தேவையில்லை. எனினும் விதைத்தது முற்றும் வீண்போகவில்லை. இந்தியாவில் அழிந்துபோகும் நிலையிலுள்ள தாவரங்களை ஒவ்வொன்றாகப் பெயரும் இடமும் குறித்து, 1987 முதல் 1990 வரை, மூன்று தொகுதிகளாக வெளியிட்டது அதே இலாகாவே. சட்டத்தில் செடிகள் இடம்பெற்றது அதற்கு அடுத்த வருஷம். பெயர் தெரியாத செடியைச் சட்டம் காக்க இயலாது. இடம் தெரியாத செடியைக் காவற்காரன் காக்க இயலாது.

நிற்க. மாக்னோலியாவிற்கு வருவோம். நாட்டிற்குத் திரும்பியபின் அம்மையார் ஷில்லாங் பக்கம் சென்றார். அஸ்ஸாமின் அப்பகுதியில் கிரிபித் மாக்னோலியா என்னும் மரம் ஒன்றே ஒன்று இருப்பதாக அறிந்து, அதைக் காணும் ஆவலோடு ஷில்லாங்கிலிருந்து 37 மைல் பயணம் செய்தார். போய்ப் பார்த்தால் மரம் எரிக்கப்பட்டிருந்தது. அந்நிய நாட்டுத் தோட்டத்தில் மாக்னோலியா முளைகளை ஒவ்வொன்றாகப் பேணி வளர்த்தவர், அம்மரத்தின் தாயகங்களுள் ஒன்றில் கரிக்கட்டையைக் கண்டு நின்றார். தம் பழைய தோழர் டார்லிங்டனுக்கு எழுதிய கடிதத்தில் அவர் இதைக் குறித்திருக்கிறார். அவருடைய வாழ்க்கையின் பிற்பகுதி அந்த இடத்தில் தொடங்கியது என்று நாம் கருதுகிறோம். அதுவரை அவர் செடிகளை எண்ணினார். அதன்பின் எண்ணுவதற்குச் செடி இருக்குமோ என்று கவலைப்பட்டார்.

அக்காலத்தில் நாடெங்கும் அதிக உணவு உற்பத்தி இயக்கம் நடந்துகொண்டிருந்தது. உணவைப் பெருக்குக என்று மேடைதோறும் பேசியவர்களில் நமது கட்சியாரும் உண்டு, நாமும் எழுதினோம். பஞ்சம் கண்ட நாடு வேறென்ன செய்யும்? ஆனால் உணவின் பெயரால் வெட்டப்பட்ட காடுகளில் எவ்வளவு நெல் விளைந்தது, எவ்வளவு மண் ஆற்றோடு போயிற்று என்று பின்னர்க் கணக்கெடுத்தார் இலர். அம்மையாரின் கவலை இதுவே. 1955-ம் வருஷம் அமெரிக்காவில் பிரின்ஸ்டன் நகரில், மனிதன் பூமியின் முகத்தை எவ்வாறு மாற்றியிருக்கிறான் என்பதை ஆராய அறிஞர் மகாநாடு ஒன்று கூடியது. ஏறக்குறைய எழுபது பேர் அழைக்கப்பட்டனர். அவர்களுள் பெண் இவர் ஒருவரே. இந்தியாவின் பிழைப்பூதிய விவசாயத்தைப் பற்றி, அதாவது சந்தைக்கன்றித் தன் வயிற்றுக்கென விளைவிக்கும் மலைவாசிகளையும் சிறு குடிகளையும் பற்றி, அவர் அங்கே உரைத்தார். செடிகளின் குணங்களை அறிந்து வைத்திருப்போர் அக்குடிகளே என்பதும், அவர்களுட் பல சமூகங்களில் அவ்வறிவைப் போற்றிவருவோர் பெண்டிரே என்பதும் அவர் துணிபு.

சட்டத்தைப் பற்றி எழுதும் நாம் இவ்விடத்தில் ஒன்று சொல்லியாக வேண்டும். வெள்ளைக்காரர் இயற்றிய காட்டுச் சட்டங்கள் பல. 1865, 1878, 1927 ஆகிய வருஷங்களில் இந்தியா முழுமைக்கும், 1882-ல் சென்னை ராஜதானிக்கும் அவை வந்தன. அவையெல்லாம் காட்டைக் காத்தது உண்மையே. ஆனால் தேக்கையும் ஈட்டியையும் சர்க்கார் பொக்கிஷத்திற்காகக் காத்தன. விறகு பொறுக்கிய கிழவிக்கு அபராதம். கப்பல் கப்பலாக மரம் ஏற்றியவனுக்கு லைசென்சு. கீழே வளர்ந்த பூண்டுகளை அச்சட்டங்கள் செடியென்றே மதிக்கவில்லை. 1991-ம் வருஷத் திருத்தம் ஒரு விதத்தில் அப்பழியினின்று தப்பியது. பழங்குடி ஒருவர், தாம் வசிக்கும் ஜில்லாவில், தம் சொந்த உபயோகத்திற்காக அட்டவணைச் செடியைப் பறித்தல் குற்றமாகாது என்று அதில் விலக்கு வைத்திருக்கின்றனர். இவ்விலக்கு அம்மையாரின் மனத்திற்கு உகந்ததாகவே இருந்திருக்கும். காட்டோரத்துக் காவற்காரர்கள் இதனை அறிந்து நடக்கிறார்களா என்பதை நமது ஊழியர்கள் போய்ப் பார்க்கவேண்டும்.

இலாகா வேலைக்குப் பின் அம்மையார் ஜம்மு நகரத்து ஆராய்ச்சிச் சாலையில் மருந்துச் செடிகளை ஆராய்ந்தார். சிறிது காலம் திராம்பே அணுசக்தி நிலையத்திலும் இருந்தார். 1970-ல் சென்னைக்குத் திரும்பினார். சென்னைச் சர்வகலாசாலையின் தாவர சாஸ்திர உயர் ஆராய்ச்சி நிலையத்திற்கு மதுரவாயலில் ஒரு வயல்வெளி ஆய்வுச்சாலை இருந்தது. அங்கேயே குடியேறி, மருந்துச் செடிகளைப் பயிரிட்டுக்கொண்டு எளிய வாழ்க்கை நடத்தினார். 1977-ல் சர்க்கார் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அளித்தது. எண்பது வயதில் பத்மஸ்ரீ என்பது காலங்கடந்த சிறப்பே. ஆயினும் அவர் அதைப்பற்றிக் கவலைப்பட நேரமில்லாதிருந்தார். மற்றொரு செய்தி அவரை வருத்திக்கொண்டிருந்தது.

பாலக்காட்டு ஜில்லாவில், நீலகிரியின் மேற்குச் சரிவில், அமைதிப் பள்ளத்தாக்கு என்ற காடு உள்ளது. குந்திப்புழை என்னும் ஆறு அதன் நடுவே ஓடுகிறது. நான்கு புறமும் மலை அரண்போல் நிற்பதால் மனிதர் பெரிதும் நுழையாத பசுங்காடு அது. சோலைமந்தி வாழும் இடம். சைரந்திரி என்ற இடத்தில் ஆற்றைத் தடுத்து 120 மெகாவாட் மின்சாரம் எடுக்கக் கேரள மின்சார போர்டு திட்டமிட்டது. 1973-ல் திட்டக் கமிஷன் அனுமதி அளித்தது. நீரில் மூழ்கவிருந்த காடு ஏறக்குறைய 8.3 சதுர கிலோமீட்டர். எதிர்ப்பு மூண்டது. கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத்தார் ஊரூராகச் சென்று திட்டத்தின் வரவு செலவை மக்களுக்கு எடுத்துரைத்தனர். சுகதகுமாரி முதலிய கவிஞர்கள் எழுந்தனர். பறவை அறிஞர் சலீம் அலி குரல் கொடுத்தார்.

மறுபக்கத்து நியாயத்தையும் கூறாது விடுதல் முறையன்று. மலபார் மின்சாரத்திற் பின்தங்கிய பிரதேசம். விளக்கில்லாத வீடுகளும் வேலையில்லாத வாலிபர்களும் நிறைந்திருந்த நாளில், எட்டுச் சதுர கிலோமீட்டர்க் காட்டிற்காக ஓர் அணையை நிறுத்துவதா என்று கேட்டவர்கள் கெட்டவர்கள் அல்லர். கேரளத்தின் பெரிய கட்சிகள் திட்டத்தை ஆதரித்தன. தொழிற்சங்கங்களிற் பலவும் ஆதரித்தன. நாமும் அணைகளை வெறுப்போர் அல்லோம். மேட்டூரால் தஞ்சை பெற்ற நன்மையை அறிந்த தமிழர் அணையை வெறுக்க இயலுமா? ஆனால் மின்சாரத்தை நிலக்கரியாலும் எடுக்கலாம். வேறோர் ஆற்றிலும் எடுக்கலாம். ஆயிரமாயிரம் வருஷங்களாக ஒன்றோடொன்று பின்னி வளர்ந்த ஒரு காட்டை எந்தத் தொழிற்சாலையிற் செய்வது?

எண்பதைக் கடந்த ஜானகி அம்மையார் இவ்விவாதத்தில் தமக்கே உரிய முறையிற் பங்கு கொண்டார். மேடைப் பேச்சு அவர் வழியன்று. நீருள் மறைந்து ஏரியாகப் போகும் அக்காட்டின் மரங்களுடைய குரோமோசோம்களைக் கணக்கெடுப்பதென்று தீர்மானித்தார். நாம் இதை முதன்முதற் கேட்டபொழுது, வீடு தீப்பற்றி எரியும்போது பாத்திரங்களை எண்ணுவது போன்றதன்றோ என்று எண்ணினோம். பின்னரே அதன் கருத்து விளங்கியது. நாணலை நினைவு கூர்க. அக்காட்டு மரத்தின் தொகை அடுத்த காட்டு மரத்தின் தொகையினின்று வேறாயின், இச்செடி வேறிடத்தும் உண்டே என்ற வாதம் பொய்யாகிவிடும். ஒருக்கால் காடு தோற்றுப்போனாலும், எதை இழந்தோம் என்ற கணக்காவது பின்வருவோர்க்கு நிற்கும். கோயம்புத்தூரில் முப்பத்தேழாவது வயதில் தொடங்கிய வேலையையே எண்பதிலும் அவர் செய்தார்.

காரியங்கள் மெல்ல நகர்ந்தன. 1976-ல் அரசியலமைப்பின் நாற்பத்திரண்டாம் திருத்தத்தால், காட்டையும் காட்டுயிர்களையும் காக்க முயல்வது ராஜ்யத்தின் கடமை என்ற விதி சேர்ந்திருந்தது. 1980-ல், மத்திய சர்க்காரின் சம்மதமின்றிக் காட்டு நிலத்தை வேறு காரியங்களுக்கு விடலாகாது என்ற சட்டம் வந்தது. அதே வருஷத்தில் பள்ளத்தாக்கைப் பற்றிய வழக்குக் கேரள ஹைகோர்ட்டில் தள்ளுபடியாயிற்று. காடு கோர்ட்டிற் பிழைக்கவில்லை. இந்திரா காந்தி அம்மையார் வேலையை நிறுத்திவைக்கச் சொன்னார். எம். ஜி. கே. மேனன் தலைமையில் ஒரு கமிட்டி ஆராய்ந்தது. 1983-ல் திட்டம் கைவிடப்பட்டது.

அச்செய்தி வந்தபொழுது ஜானகி அம்மையார் மதுரவாயலில் தம் செடிகளிடையே இருந்தார். ஆராய்ச்சியை அவர் இறுதிவரை விடவில்லை. 1984-ம் வருஷம் பிப்ரவரி மாதத்தில், எண்பத்தாறாவது வயதில், அவர் காலமானார். அவ்வருஷம் நவம்பர் மாதம் 15-ந் தேதி, பள்ளத்தாக்கின் 89.52 சதுர கிலோமீட்டர்க் காடு தேசியப் பூங்காவாகச் சர்க்கார் கெஜட்டில் அறிவிக்கப்பட்டது. இரண்டு வருஷம் கழித்து அது நீலகிரி உயிர்க்கோளக் காப்பகத்தின் உட்பகுதியாயிற்று. சைரந்திரியில் அணை எழவில்லை. குந்திப்புழை முன்போலவே அக்காட்டின் நடுவே ஓடுகிறது.